எட்டாவது பெயர்

ஓர்ஸ் ஹில் வாசிகசாலையில் பின்னேர வெயில் தட்டச்சுப் பொறியின் மேல் விழுந்து கிடக்கிறது. அதன் முன்னால், கைகளை மடியில் வைத்தபடி இமெல்டா. துறைமுகத்துக்குள் அந்நியப் போர்க்கப்பல் வரக்கூடாது என்று மந்திரிக்குப் போகிற மனு, ஏழு ஆண்களின் பெயரோடு பொறியிலேயே நிற்கிறது. மனுவில் பாதி வசனம் அவளுடையது. அவள் பெயர் மட்டும் அதில் வேண்டாமாம். அந்த ஏழு பேரும் சுற்றிவரக் கதிரைகளில் இருக்கிறார்கள். இந்து சமுத்திரத்தைக் காக்க எல்லோருக்கும் தெரியும். தட்டச்சு ஒருவருக்கும் தெரியாது. “பாதுகாப்பு விசயம் பொம்பிளையளுக்கு என்னத்துக்குப் பிள்ளை?” என்கிறார் தலைவர் அபூதாஹிர். “குண்டு விழேக்க எங்களை விலத்தியோ ஐயா விழும்?” என்கிறாள் இமெல்டா. ஏழு பேரில் ஒருவரான சிறில் மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். “மனு போற கொழும்பு ரயிலுக்கு நேரமாகுது தங்கச்சி. தேத்தண்ணியையும் ஊத்தித் தந்திட்டுக் கெதியா முடியுங்கோ.” “ஏலாது மாஸ்டர். தேத்தண்ணியை நீங்கள் ஊத்துங்கோ.” கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்கிறது. கதிரைகள் முனகுகின்றன, ஒருவரும் எழும்பவில்லை. இமெல்டா கைகளை உயர்த்தி, எட்டாவதாகத் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடிக்கிறாள். நாலு கார்பன் பிரதிகளிலும் பதியும்படி, எந்த அழிறப்பரும் தோற்கும்படி, ஓங்கி.