இரண்டாவது கால்

வீட்டிலேயே கியர் ஆயிலை மாற்றியதிலிருந்து டீச்சரின் ஆட்டோமேட்டிக் கார் வெட்டி வெட்டி ஓடியது. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்.

"ஆயில் அளவு சரிதாம்மா. ஓட்டுறவங்க கால் பழக்கத்தை கியர்பாக்ஸ் கத்துக்கும். போன வாரம் ஆயில் மாத்துறப்போ பேட்டரியைக் கழட்டினதுல கத்துக்கிட்ட பழசு அழிஞ்சிடுச்சு. அப்புறம் ரெண்டு பேர் ஓட்டியிருக்கீங்க. குழம்புது."

"நான் மட்டும்தாண்ணே ஓட்டுறேன்."

"இன்னொருத்தர் ஓங்கி மிதிக்கிறாரே!"

இரண்டு வருடம் முன்பு இறந்த கணவன் அப்படித்தான் மிதிப்பான். 'கரப்பான்பூச்சியையா நசுக்குறீங்க?' என்று திட்டுவாள்.

"மறுபடி அழிச்சா சரியாயிடும். அழிக்கட்டுமா?"

"வேணாம்ணே. வெட்டினா வெட்டட்டும்."

வீட்டுத் திருப்பத்தில் அவள் காலை எடுத்தாள். ஆக்சிலரேட்டர் தானாகத் தாழ்ந்தது.

"பூச்சி செத்துடுச்சுங்க" என்றாள்.

பெடல் மெல்ல மேலெழுந்தது.