பாடுறது என் பெண்டாட்டி

ரியோ துறைமுகத்தில் காப்பி மூட்டை தூக்கும் அன்செல்மோ, திரையில் பட்டுடுத்திய சீமாட்டி பாடத் தொடங்கியதும் நெஞ்சை நிமிர்த்தினான்.

"பாடுறது என் பெண்டாட்டிடா."

அன்றுதான் முதன்முதலாகப் படம் பார்க்க வந்த கூட்டாளி ஜெர்வாசியோ கொட்டகை அதிரச் சிரித்தான். "தலையில மூட்டை விழுந்துருச்சா? ஊரார் துணி துவைக்கிற சுல்மீராவும் இந்த மகாராணியும் ஒண்ணாடா?"

அன்செல்மோவுக்குக் காது சுட்டது.

அந்நேரம் படச்சுருள் பட்டென்று அறுந்தது. சீமாட்டி மறைந்து, வெறும் வெள்ளைத்துணிதான் தொங்கியது. பாட்டு மட்டும் கொஞ்சமும் பிசகாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜெர்வாசியோ மிரண்டுபோனான். "அந்தம்மாவைக் காணோம். அப்ப யாருடா பாடுறது?"

"இது ஊமைப்படம்டா, இதுக்கு ஏதுடா குரல்? அந்தம்மா வாயை மட்டுந்தான் அசைக்கும். துணிக்குப் பின்னால நின்னு தினமும் பாடுறது என் சுல்மீராதான். தொப்பியைக் கழட்டுடா!"

ஜெர்வாசியோ கழற்றினான்.