நாலடிக் கோடு

"ஏய் பாப்பா, முட்டியை மடக்காதே! நிமிர்ந்து நில்லு!"

கவுன்ட்டர்காரர் போட்ட சத்தத்தில் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒட்டகச்சிவிங்கி வரைந்த பலகையில் முதுகை ஒட்டி நின்ற சிறுமிக்கு முகம் சுண்டிப்போனது.

அவளுடைய அப்பாவுக்குச் சுருக்கென்றது. தையல்காரர். வருஷத்துக்கு ஒரு நாள் கடையை மூடிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால், இப்படியா நாலு பேர் முன்னால்?

அந்தப் பூங்காவில் முன்பெல்லாம் உள்ளே நுழைய ஒரு டிக்கெட், ராட்டினம் ஏற இன்னொரு டிக்கெட். பயந்தவர்கள் கீழே நின்று வேடிக்கை பார்க்கலாம். இப்போது ஏறினாலும் ஏறாவிட்டாலும் வாசலிலேயே மொத்தமாகக் கறந்துவிடுகிறார்கள். பலகையில் போட்டிருக்கும் நாலடிக் கோட்டைத் தாண்டாத பிள்ளைகளுக்கு மட்டும் அரை டிக்கெட்.

இரண்டு முழுசு, ஒரு அரை, திரும்பிப் போக பஸ்ஸுக்குச் சில்லறை. தையல்காரர் மூன்று மாதம் சேர்த்தது அவ்வளவுதான். மகள் மூன்றடி பதினோரு அங்குலம். போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோது சீருடைக்காக அவரே அளந்தது.

"மடக்காதேன்னு சொல்றேன்ல? உங்கப்பா சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தாரா? இந்த வேலையெல்லாம் எங்கிட்ட நடக்காது!"

சிறுமியின் கண் நிறைந்துவிட்டது.

"யோவ், யாரைப் பார்த்து என்ன பேசுற? நாங்க என்ன ஏமாத்திப் பொழைக்கிறவங்களா?"

"விடுங்க," என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சிடுமூஞ்சி ஆளு. அளந்து சொல்லட்டும், போயிடலாம்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தையல்காரர் பலகையை மேலும் கீழும் பார்த்தார். தொங்குகிற துணி ஒரு நூல் ஏறி இறங்கினாலே பிடித்துவிடுகிற கண். அதன் அடியை மறைத்தபடி ஓரமாக வைத்திருந்த பூந்தொட்டியை நகர்த்தினார். பலகை தரையைத் தொடவே இல்லை. இரண்டு அங்குலச் சந்து.

"எல்லாரும் பாருங்க! பலகையையே தூக்கி அடிச்சு வச்சிருக்கான். அளவே தப்பு! இத்தனை நாளா ஊரை ஏமாத்தியிருக்கான்!"

கவுன்ட்டர்காரரின் குரல் முதல் முறையாக இறங்கியது.

"சார்... வேண்டாம் சார். பேசாம உள்ள போங்க."

"பாத்தீங்களா, சத்தம் எங்க போச்சு? மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? கூப்பிடுங்க மேனேஜரை!"

மேனேஜர் வந்தார். கடை மூடியிருந்தாலும் தையல்காரர் பையில் டேப் இருக்கும். அதை வாங்கித் தரையிலிருந்து கோடு வரை அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். முகம் மாறியது.

"எத்தனை நாளா இது?"

கவுன்ட்டர்காரர் கையிலிருந்த டிக்கெட்டை மேஜையில் வைத்தார்.

"சாவியை வச்சிட்டுக் கிளம்பு. நாளைலேர்ந்து வராத."

வரிசையில் கை தட்டினார்கள். "சரியாக் குடுத்தீங்க சார்," என்று யாரோ முதுகில் தட்டினார். தையல்காரர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். இன்றைக்கு மகள் முன்னால் தலை நிமிர்ந்தாயிற்று.

ஆள் வந்து பலகையைக் கழற்றி, தரையோடு ஒட்டவைத்து ஆணி அடித்தான்.

"பாப்பா, வந்து நில்லும்மா," என்றார் மேனேஜர்.

கோடு இப்போது அவளுடைய உச்சந்தலைக்கு ஓர் அங்குலம் கீழே இருந்தது.

"முழு டிக்கெட்."

"இல்லீங்களே, மூணடி பதினொண்ணு. நானே அளந்தேனே..."

அப்போதுதான் அவருக்கு மகளின் பாவாடை கண்ணில் பட்டது. முட்டிக்கு மேலே ஏறியிருந்தது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் அளந்த கை, சொந்தப் பிள்ளை வளர்ந்ததை அளக்கவில்லை.

பின்னால் இரண்டு பிள்ளைகளோடு நின்ற ஒரு பெண், புதுக் கோட்டைப் பார்த்தாள். பர்ஸைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் வரிசையை விட்டு விலகி நடந்தாள். சின்னது அழுதுகொண்டே போனது. கொஞ்சம் முன்னால் கை தட்டியவள்தான்.

"நீயும் பாப்பாவும் போங்க," என்றார் தையல்காரர் மனைவியிடம்.

"எனக்குத் தலை சுத்துங்க. நீங்க போங்க."

"எனக்கு மனசில்லை. போ."

பஸ் நிறுத்தத்தில் கவுன்ட்டர்காரர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நிற்கவே தையல்காரருக்குக் கூசியது.

"அண்ணே... தெரியாமப் பண்ணிட்டேன். நான் போய் மேனேஜர்கிட்ட பேசட்டுமா?"

"என்னன்னு பேசுவீங்க? கோட்டை ஏத்தி வச்சது நான்தானே."

"எங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தானே..."

"உங்க பொண்ணு நாலடி ஒரு அங்குலம். வரிசையில வரும்போதே தெரிஞ்சுது. அரை டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில வச்சிருந்தேன்."

தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்புறம் எதுக்குண்ணே அப்படிக் கத்துனீங்க? குழந்தை அழுதுடுச்சே. அதனாலதானே எனக்குக் கோவமே வந்துச்சு?"

கவுன்ட்டர்காரர் தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்த ராட்டினத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"தலைக்கு மேல கேமரா இருக்கு சார். நான் கறாரா இருந்தாத்தான் பலகை மேல யாருக்கும் சந்தேகம் வராது. நாலு வருஷமா வரலை."