கிணற்றுக்குள் இன்னொரு கயிறு

சாமை வேகவைக்கத் தண்ணீர் சேந்தும்போது அம்சவல்லியின் கை நழுவி இரும்பு வாளி கிணற்றில் விழுந்தது. வீட்டில் வேறு வாளி இல்லை. அவள் கணவர் கோபால்சாமி பழைய ஸ்பீக்கரை உடைத்து வட்டக் காந்தத்தை எடுத்தார். அதன் நடுத்துளையில் நீல நைலான் கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்.

அடியில் ஏதோ டக்கென்று ஒட்டியது. மேலே இழுத்தால், வந்தது வாளி இல்லை. அதே மாதிரி இன்னொரு வட்டக் காந்தம். அதன் துளையிலும் நீலக் கயிறு. அந்தக் கயிறு கீழே தண்ணீருக்குள் போயிற்று.

"இன்னாங்க இது?"

"வடக்கும் தெக்கும் ஒட்டிக்கும். ஸ்கூல்ல படிச்சதுதான்."

"அது சரி. அந்தக் கயித்த யாரு கட்னது?"

அதைப் பள்ளியில் சொல்லித் தரவில்லை. அதற்குள் கீழேயிருந்து கயிறு இழுபட்டது. முதலில் மெதுவாக, பிறகு பொறுமையில்லாமல். கோபால்சாமி கிணற்றுச் சுவரில் காலை ஊன்றி இழுத்தார். கீழேயும் யாரோ ஊன்றிக்கொண்டது கைக்குத் தெரிந்தது.

அம்சவல்லி எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அசையவில்லை. அவள் காந்தங்களைப் பக்கவாட்டில் நகர்த்திப் பிரித்தாள். கீழேயிருந்து வந்தது சரசரவென்று தண்ணீருக்குள் போயிற்று.

கோபால்சாமி தன்னுடையதை மறுபடி இறக்கப் போனார். அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"பொறுங்க. மொதல்ல அவங்க வாளிய எடுத்துக்கட்டும்."

இருவரும் கிணற்றடியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.