மரண அறிவித்தல் நீங்கலாக

வீட்டுக்குப் பக்கத்தில், கொட்டாஞ்சேனையிலும் இன்ரநெற் கஃபே இருந்தது. ஆனாலும் தெரிந்தவர்கள் கண்ணில் படாமல், மூன்று சோதனைச் சாவடிகளைக் கடந்து வெள்ளவத்தைக்கு வந்திருந்தார் ஐறீன் ரீச்சர்.

"ரொறன்ரோ மாப்பிள்ளை, தம்பி. நாளைக்கு முடிவு சொல்லோணும். ஆள் எப்பிடியெண்டு ஒருக்காத் தேடித் தாங்கோ."

கடைக்கார றவூப் அவர் சொன்ன பெயரைத் தட்டினான். திரை முழுக்க மரண அறிவித்தல்கள்.

ரீச்சர் சிலுவை அடையாளம் போட்டார். "ஐயோ, செத்திட்டாரோ?"

"பயப்படாதீங்க, எல்லாம் அதே பேர்க்காரங்க. முழுப்பேரையும் மேற்கோள் குறிக்குள்ள போடணும். பக்கத்துல ஊர்ப் பேர். வேணாத சொல்லுக்கு முன்னால ஒரு கழித்தல் அடையாளம்."

மரணத்தைக் கழித்ததும் ஒரே ஒரு முடிவு மிஞ்சியது. நடனப் போட்டி, முதற்பரிசு, படத்தோடு.

"ஆடுறார்! உயிரோட ஆடுறார்!" ரீச்சர் கதிரையிலேயே துள்ளினார்.

றவூப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தயங்கினான்.

"ரீச்சர், தலை முழுக்க நரை. அறுபதுக்குக் குறையாது. மாப்பிள்ளை உங்க மகளுக்குத்தானே? அவங்க சம்மதிப்பாங்களா?"

ரீச்சர் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

"அவள் எப்பவோ சம்மதம். அவளெல்லோ எனக்கு இவரைப் பார்த்தவள்!"