எழுபது டாலர் சொகுசு

"ஒரு சொட்டு என் கோட்டுல சிந்தினாலும் ஞாயித்துக்கிழமை வண்டி, அதை வாங்க வர்ற அந்த டுலூத் ஊர் ஆளுக்குத்தான். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது, ஆமா!"

விளிம்புவரை தளும்பும் காப்பிக் குவளையை இரு கைகளாலும் பிடித்தபடி ஆர்டிஸ் முன்சீட்டில் உட்கார்ந்தாள். வெள்ளைக் கோட்டு. வேண்டுமென்றேதான் போட்டிருந்தாள்.

"சிந்தலைன்னா?" என்றார் அவள் கணவர் வெர்னர்.

"சாகுற வரைக்கும் விக்கச் சொல்ல மாட்டேன்."

1963 மாடல் ஃபால்கன் கார். நாற்பது வருஷமாக மினசோட்டாவின் சாலைப் பள்ளங்களை ஒன்று விடாமல் ஆர்டிஸின் முதுகெலும்பில் பதிவு செய்துவந்தது. ஊருக்குப் போகும் வழியில் லண்ட்கிரென் வளைவில் ஒரு பள்ளம் உண்டு. அங்கே தபால்காரர் தவறவிட்ட பல்செட் அடுத்த கோடையில்தான் கிடைத்தது. அப்போதும் கடித்த வாக்கிலேயே இருந்தது.

முன்சக்கரங்களுக்குப் புது சஸ்பென்ஷன் போட மூவாயிரம் டாலர் கேட்டார்கள். வெர்னர் பழைய இரும்புக் கடைக்குப் போனார். நசுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி வந்தார். தேய்ந்த ரப்பர்களை மாற்றினார். சக்கரத்தைத் தாங்கும் மேல்கையை ஓர் அங்குலம் இறக்கிப் பூட்டப் புதுத் துளைகள் போட்டார். மொத்தம் எழுபது டாலர், ஒரு நசுங்கிய கட்டைவிரல்.

பிப்ரவரிக் காற்று பனியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வானம் எது, தரை எது என்று தெரியவில்லை. முன்னால் போன ஏதோ ஒரு வண்டியின் தடத்தைப் பிடித்துக்கொண்டு வெர்னர் ஓட்டினார். வீட்டுச் சந்தில் காப்பி லேசாக நடுங்கியது. இடப்பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் அடங்கிவிட்டது.

"லண்ட்கிரென் வளைவு எப்ப வரும்?" ஆர்டிஸ் சர்ச்சில் பேசுவதுபோலக் கிசுகிசுத்தாள்.

"தாண்டிட்டோம்னு நெனைக்கிறேன்."

"தாண்டிட்டோமா? என் பல்லு ஒண்ணுகூட ஆடலையே!"

"பள்ளம் அங்கதான் இருக்கும். நாமதான் பறந்துட்டோம்."

வெர்னர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நாற்பது வருஷம் கடகடத்த கதவுகள் வாயைத் திறக்கவில்லை. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கைகளை மாறி மாறிப் பார்த்தார். இந்தக் கைகளா செய்தன? வண்டி அப்போதும் அன்னம் மாதிரி போய்க்கொண்டிருந்தது. காப்பியின் மேல் ஒரு சுருக்கம் இல்லை.

ஆர்டிஸின் கண்கள் கலங்கின. "மேகத்து மேல போற மாதிரி இருக்கு, மனுஷா. உன்னைப் போயி இத்தனை வருஷமா ஒண்ணுக்கும் ஆகாதவன்னு நெனைச்சுட்டேனே!"

"நெனைச்சியா? தினமும் வாய்விட்டுல்ல சொன்ன!"

அவள் போனை எடுத்து டுலூத் ஆளைக் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை வர வேண்டாம் தம்பி. வண்டி விக்கிறதுக்கில்லை. இனி என்னைக்குமே இல்லை." பிறகு நிதானமாகக் காப்பியைக் குடித்தாள்.

அப்போது வெண்பனிக்குள்ளிருந்து ஓர் ஆள், கையில் தூண்டிலை ஆட்டிக்கொண்டு குறுக்கே ஓடி வந்தான். வெர்னர் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"பெரியவரே, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், கரையேறிடுங்க!" என்று அவன் மூச்சு வாங்கினான். "ஏரி உறைஞ்சு கண்ணாடியாக் கெடக்கேன்னு துளை போட்டு மீன் பிடிக்க உக்காந்தா, அரை மணி நேரமா அது மேலயே சுத்திச் சுத்தி வர்றீங்களே!"