தம்பி பங்குக்கு ஒரு சக்கரம்

“அவனுக்குச் சேர வேண்டியதைக் கழட்டிக் கொடுத்து அனுப்பிடு, மெக்கானிக். இன்னியோட சனியன் விடட்டும்” என்றார் அண்ணன்.

தம்பி இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தான். “எனக்கும் இங்க நிக்க ஆசை இல்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க.”

“ஏங்க, நான் மெக்கானிக்கா, டெலிபோனா?” என்று கேட்டார் மெக்கானிக். இருவரும் சிரிக்கவில்லை.

அப்பா விட்டுப்போன பழைய டிராக்டர் அது. வீடு, நிலம் எல்லாம் சுமுகமாகப் பிரிந்து, பங்கு இந்த வண்டியில் வந்து முட்டிக்கொண்டது. கடைசியில் வண்டி அண்ணனுக்கு, அதன் பக்கவாட்டில் இருக்கும் பெல்ட் சக்கரம் மட்டும் தம்பிக்கு என்று தீர்த்தார்கள். பெல்ட் மாட்டினால் மரம் அறுக்கும் ரம்பத்தை ஓட்டும் சக்கரம். மரம் அறுப்பதுதான் தம்பியின் பிழைப்பு. வேறு எஞ்சினில் மாட்டிக்கொள்வேன் என்றான். குதிரை ஒருத்தனுக்கு, லாடம் ஒருத்தனுக்கா என்று ஊரே சிரித்தது. பிடிவாதத்தில் மட்டும் இரண்டு பேரும் அப்பாவின் சொத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றோடு பேச்சும் நின்றது.

குழாயடியில் அண்ணன் மனைவி கணவரின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறை போவேனா என்று அடம்பிடித்தது. கை கழுவ வந்த மெக்கானிக்கிடம் மெல்லச் சொன்னாள்.

“இதையும் கழட்டிட்டா, என் கொழுந்தனுக்கு இந்த வாசலை மிதிக்க ஒரு காரணமும் இருக்காதுங்க.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். போய் சக்கரத்துக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். எண்ணெய் விட்டார். சக்கரத்தைக் கவ்வி இழுக்கும் மூன்று கால் புல்லரை மாட்டினார்.

“ஒருத்தர் நெருப்பு காட்டணும், ஒருத்தர் முறுக்கணும், நான் தட்டுவேன். மூணும் ஒண்ணா நடக்கணும்.”

அண்ணன் முந்திக்கொண்டு கேஸ் டார்ச்சை வாங்கினார். தம்பி முறுக்கினான்.

“மேலேயே காட்டிட்டு இருக்காரே, அடியிலயும் காட்டச் சொல்லுங்க.”

“எங்க காட்டணும்னு எனக்குத் தெரியும்னு சொல்லு.”

மெக்கானிக் இரண்டையும் சொல்லவில்லை. சுத்தியலால் தட்டினார். முறுக்கினார்கள், சூடாக்கினார்கள், மறுபடி தட்டினார்கள். மூவருக்கும் சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

திடீரென்று புல்லரின் ஒரு கால் நழுவித் தெறித்தது.

“அண்ணா, விலகு!”

தம்பி தள்ளிய வேகத்தில் அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் நின்ற இடத்தில் இரும்பு வந்து விழுந்தது. மெக்கானிக் டார்ச்சை அணைத்தார்.

“உனக்கு ஒண்ணும் ஆகலையேடா?” என்றார் அண்ணன், உட்கார்ந்தபடியே.

தம்பியின் உள்ளங்கை சிராய்த்திருந்தது. அண்ணன் எழுந்து அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். விடவே இல்லை.

“சின்ன வயசுலயும் இதே சக்கரத்துல விரலை நசுக்கிக்கிட்டவன்தானே நீ.”

“நசுக்கினது நீ. அப்பாகிட்ட அடி வாங்கினது நான்.”

அண்ணன் சிரித்துவிட்டார். தம்பிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். “வார்ப்பிரும்பு. இதுக்கு மேல இழுத்தா விரிசல் விட்டுடும். உடைச்சே எடுத்துடவா?”

“வேணாம்!” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

“வண்டியிலேயே இருக்கட்டும்” என்றான் தம்பி. “மரத்தை இங்க கொண்டு வந்து அறுத்துக்கறேன். உனக்குச் சம்மதம்னா.” இந்த முறை அவன் மெக்கானிக்கைப் பார்த்துச் சொல்லவில்லை.

“சம்மதம் கேக்கற மூஞ்சியைப் பாரு. வாடா, முதல்ல காயத்துக்கு மருந்து போடலாம்.”

இருவரும் வீட்டுக்குள் போனார்கள். மெக்கானிக் குழாயடிக்கு வந்தார்.

“கெட்டிக்காரிதான் தங்கச்சி நீங்க. சக்கரத்துக்கு அடியில ஒரு ஸ்க்ரூ இருக்கு. அதைக் கழட்டினா ஒரே இழுப்புல வந்துடும், கழட்டலைன்னா யானையைக் கட்டி இழுத்தாலும் வராது. அது கண்ணுல படக்கூடாதுன்னு மேல பெயிண்ட் பூசிட்டீங்க. நான் தடவிப் பார்த்தப்போ இன்னும் காயக்கூட இல்லை, என் விரல்ல நீலமா ஒட்டிக்கிச்சு. நீங்க சொன்னதை நினைச்சு நானும் கண்டுக்கலை.”

“நானா?” அவள் விழித்தாள். “அப்படி ஒரு ஸ்க்ரூ இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்களே!”

சொல்லிக்கொண்டே சட்டையை அலசி உதறியவள் அப்படியே நின்றுவிட்டாள். அவ்வளவு தேய்த்தும், கணவரின் சட்டைக் கையில் அந்த நீலக் கறை போகவே இல்லை.